மீன்முள்ளா, டிஷ்ஷா? ராமநாதபுரம் கடற்கரையில் இலவச எச்டி டிவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் முதல் தொண்டி வரை வடகடல் பக்கமும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று தென்கடல் பக்கமும் மாடி மாடியாக ஏறி இறங்கியவன் நான். முதலில் மீன்முள் ஆண்டெனா கட்டினேன், பிறகு கேபிள் இழுத்தேன், இப்போது டிஷ். மாதா மாதம் சந்தா கட்டி மாளவில்லை, காசில்லாமல் நல்ல படம் பார்க்க என்ன ஆண்டெனா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்தான் கீழே இருப்பவை.

அட்டைப்பெட்டியில் "எச்டி ஆண்டெனா", "4கே ஆண்டெனா" என்று போட்டிருக்கிறதே, சாதா ஆண்டெனாவைவிட நல்லதா?

ஆண்டெனாவுக்கு எச்டியும் தெரியாது, 4கேயும் தெரியாது. காற்றில் வருகிற அலையைப் பிடித்து ஒயரில் இறக்கிவிடும் அலுமினியக் குச்சிகள், அவ்வளவுதான். அந்த அலைக்குள் இருப்பது கறுப்பு வெள்ளைப் படமா, எச்டி படமா என்று பிரித்துப் பார்ப்பது டிவிக்குள் இருக்கும் ட்யூனரின் வேலை.

எந்த மீனுக்குப் போகிறோம் என்று பார்த்துத்தானே வலையின் கண்ணியைப் பார்ப்போம்? அது போல, எந்த அலைவரிசைக்கு எந்த நீளக் குச்சி என்பதுதான் இங்கே கணக்கு. குச்சி, அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் சேனலுக்கு முக்கால் மீட்டர் குச்சி. 470-க்கு மேலே யுஎச்எஃப் என்றால் ஓரடிக்கும் குறைவு. பழைய காலத்து 50, 60 மெகாஹெர்ட்ஸ் சேனல்களுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல். மொட்டை மாடியில் நிற்கும் ஆண்டெனாவைத் தெருவில் நின்று பார்த்தே அது எதற்காகக் கட்டியது என்று சொல்லிவிடலாம். 1926-ல் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர் கண்டுபிடித்த வடிவம் இது. நூறு வருடத்தில் பெட்டியின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்தான் மாறியிருக்கிறது.

அப்படியானால் எங்கள் மாடியில் இருக்கும் பழைய மீன்முள்ளிலேயே எச்டி வருமே?

பிடிக்க ஆண்டெனா தயார்தான். அனுப்ப ஆள் வேண்டுமே.

நம் கரைக்குத் தரைவழியாகப் படம் தந்தது ராமேஸ்வரத்தில் நிற்கும் தூர்தர்ஷன் கோபுரம். 323 மீட்டர் உயரம். பாம்பன் தாண்டினாலே கண்ணில் படும். அதிலிருந்து வீடுகளுக்கு வந்தது பழைய அனலாக் படம். அதில் எச்டி கிடையாது, எத்தனை ஆயிரம் ரூபாய் ஆண்டெனா வைத்தாலும் கிடையாது. 2022 மார்ச் வாக்கில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் மூடி, முக்கியம் என்று கருதிய சில இடங்களில் மட்டும் விட்டுவைத்தது. 2016-ல் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையைத் தூர்தர்ஷன் 16 நகரங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்.

ஆகவே நம் பக்கத்தில் காசில்லாத எச்டி என்றால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்க்க வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ்தான் வழி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காக்கா, சிங்கப்பூரில் மச்சான் வீட்டில் ஜன்னலில் ஒரு சின்ன ஆண்டெனா வைத்து வசந்தம் சேனலைப் பளிச்சென்று பார்க்கிறார்கள். அதையே வாங்கி வரச் சொல்லவா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டது. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வேண்டாம் தம்பி, பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் அனலாக்கை 2019 ஜனவரித் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். இப்போது எல்லாம் டிவிபி-டி2. ஊரும் சின்னது, கோபுரமும் பக்கம், அதனால் ஜன்னல் ஆண்டெனா போதும். மலேசியாவும் அதே 2019-ல் அனலாக்கை மூடிவிட்டது. அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போய் வந்த ஒருவர், சுவரில் ஒட்டிய தகடு மாதிரி ஆண்டெனாவில் ஏகப்பட்ட சேனல் வந்ததாக ஆச்சரியப்பட்டார். அங்கே பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ல் முழுக்க டிஜிட்டலுக்குப் போய்விட்டன. அவர்களுடைய முறையின் பெயர் ஏடிஎஸ்சி. நம் டிவிக்கு அது புரியவே புரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன ஆண்டெனா வாங்கலாம் என்பது நியாயமான கேள்வி. கோபுரம் எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, விஎச்எஃப்பா யுஎச்எஃப்பா என்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நமக்கு டிஜிட்டல் கோபுரம் என்ற முதல் படியே இல்லை.

ஆன்லைனில் "1000 மைல் இழுக்கும்" என்று 499 ரூபாய்க்கு ஒன்று விற்கிறான். நிஜமா?

பூமி உருண்டை. இந்த வகை அலை அநேகமாக நேர்கோட்டில் போகும், வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்காது. கணக்கு சுலபம். உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். 323 மீட்டர் கோபுரத்துக்கு 74 கிலோமீட்டர். உங்கள் மாடியில் 9 மீட்டரில் ஆண்டெனா இருந்தால் அதன் பங்கு 12. இரண்டும் சேர்ந்து 86. நாட்டிலேயே பெயர் சொல்லும்படியான உயரக் கோபுரத்துக்கே இவ்வளவுதான். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி எல்லாம் இதற்குள் அடங்கும், சாயல்குடி அடங்காது. 1000 மைல் என்றால் 1600 கிலோமீட்டர். அந்த 499-க்கு ஒரு கிலோ நல்ல மீன் வாங்கலாம்.

நீங்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால், அந்தக் காலத்தில் ரூபவாஹினி எப்படி வந்தது?

இதைக் கேட்பவர்கள் எல்லாம் ஐம்பது தாண்டியவர்கள். கேட்கும்போதே முகம் மலர்ந்துவிடும்.

இலங்கையில் ஐடிஎன் 1979-லும் ரூபவாஹினி 1982-லும் தொடங்கின. அந்த நாளில் மெட்ராஸ் தூர்தர்ஷன் நம் கரையை எட்டாது. ஆனால் கடல் தாண்டி இலங்கைப் படம் வரும். சவுக்குக் கம்பிலும் இரும்புக் குழாயிலும் ஆண்டெனாவைக் கட்டித் தெற்கே திருப்பி வைத்துவிட்டு, "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று மேலிருந்து ஒருவர் கத்த, "போச்சு, போச்சு, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கீழிருந்து வீடே பதில் சொல்லும். சிங்களம் ஒரு எழுத்து தெரியாமல் சிங்கள விளம்பரப் பாட்டை முழுசாகப் பாடிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

ரூபவாஹினிக்குப் பிதுருதலாகலை மலையில் ஒளிபரப்பி இருக்கிறது. மலையின் உயரம் 2524 மீட்டர். மேலே சொன்ன கணக்கில் போட்டால் சுமார் 207 கிலோமீட்டர், நம் மாடியையும் சேர்த்தால் 220. ராமேஸ்வரத்துக்கும் அந்த மலைக்கும் இடையிலோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வரக்கூடாத படம் வந்தது. அதற்குக் காரணம் கடல்தான்.

தண்ணீரை ஒட்டியிருக்கும் காற்று ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும். அதன் மேல் நிலத்திலிருந்து வந்த காய்ந்த, சூடான காற்று ஒரு மூடி போலப் படியும். இரண்டுக்கும் நடுவில் அலை மாட்டிக்கொண்டு, குழாய்க்குள் தண்ணீர் போவது போலக் கடலை ஒட்டியே வளைந்து போகும். காற்று அசையாமல் புழுங்குகிற கோடை நாளில், சாயங்காலமும் விடியலும் படம் கண்ணாடி மாதிரி இருந்ததும், கச்சான் காற்று வீச ஆரம்பித்ததும் புள்ளி புள்ளியாகிப் போனதும் இதனால்தான். ஆண்டெனாக்காரனைத் திட்டியது அநியாயம்.

சரி, இப்போது இலங்கை டிவியை எச்டியில் பிடிக்கலாமா?

அதை நம்பிக் காசு போட வேண்டாம். இலங்கை 2014-ல் தன் டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தேர்ந்தெடுத்தது. நம் ஊரில் விற்கும் டிவிகளில் டிஜிட்டல் ட்யூனர் இருந்தாலும் அது டிவிபி வகை. அலை வந்து சேர்ந்தாலும் பெட்டி திறக்காது. தவிர, அனலாக் என்றால் அலை குறையும்போது புள்ளிகளோடாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஒரு அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உறைந்து, அடுத்த நொடி கறுப்புத் திரை. கடல் மேல் காற்றை நம்பிப் பார்க்கிறவருக்கு இது சரிப்படாது.

தனுஷ்கோடியில் செல்போன் "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று குறுஞ்செய்தி தருகிறதே என்பார்கள். அங்கிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான், அதனால் அது வேறு கதை.

ஃப்ரீ டிஷ் என்றால் என்ன? பிறகு மாதக் கட்டணம் கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். செயற்கைக்கோளிலிருந்து நேரே வீட்டு டிஷ்ஷுக்குச் சேனல் தரும் சேவை இது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தூர்தர்ஷன் தொடங்கியது. டிஷ், அதன் முன்னால் நீட்டிய கையில் இருந்து அலையை வாங்கும் எல்என்பி, டிவியோடு இணைக்கும் செட்-டாப் பெட்டி, கேபிள் ஆகியவற்றுக்கு ஒரு தடவை செலவு, அதோடு சரி. ரீசார்ஜ் செய்யச் சொல்லி யாராவது போன் செய்தால் அவன் திருடன்.

ஃப்ரீ டிஷ்ஷில் எச்டி வருமா?

வரும், சில சேனல்கள். ஆனால் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய பெட்டிகள் எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கி அனுப்பும் படத்தை மட்டும் படிப்பவை. தூர்தர்ஷனின் எச்டி சேனல்களுக்கு எம்பெக்-4 பெட்டி வேண்டும், அதில் எச்டிஎம்ஐ துளையும் வேண்டும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் இணைத்துவிட்டு "எச்டி தெரியவில்லை" என்று சொல்லாதீர்கள். அந்த ஒயரில் எச்டி போகாது. புது டிவி சிலவற்றில் சாட்டிலைட் ட்யூனரே உள்ளே இருக்கிறது. டிவிபி-எஸ்2 என்று கையேட்டில் இருந்தால் தனிப் பெட்டி வேண்டாம், டிஷ் ஒயரை நேரே டிவியில் சொருகிவிடலாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதில் பெரும்பகுதி இந்தி. தமிழுக்கு முக்கியமாக டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை என்ற பெயரில் இருந்தது. கல்விச் சேனல்கள் நிறைய உண்டு. அகில இந்திய வானொலியும் வரும். தினமும் தமிழ் சீரியல் பார்க்கிற வீட்டில் இதை மட்டும் வைத்தால் எனக்குத்தான் வசவு.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. ராமநாதபுரத்திலிருந்து பார்த்தால் வடக்கிலிருந்து வலமாக 122 டிகிரி, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே. ராமேஸ்வரம் போனாலும் அரை டிகிரிதான் மாறும். உயரம் ஏறக்குறைய 70 டிகிரி. டில்லிக்காரர் போடும் வீடியோவைப் பார்த்துத் தாழ்வாகச் சாய்த்து வைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. ஒரு குழப்பம் மட்டும்: வீடுகளுக்கு வைக்கும் டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். அதனால் டிஷ்ஷின் முகம் 45 டிகிரி சாய்ந்தது போலத் தெரியும்போதே அது 70-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்தினால் மறைக்கிற இடம் 2 டிகிரி. அதனால் நட்டைத் தளர்த்தி மெதுவாக, நகக்கண் அளவு நகர்த்தி, பெட்டித் திரையில் "குவாலிட்டி" பட்டை ஏறுகிறதா என்று பாருங்கள். "ஸ்ட்ரெங்த்" பட்டையை நம்பாதீர்கள். அது டிஷ் சும்மா இருந்தாலும் ஏறும்.

பழைய சந்தா டிஷ் மாடியில் சும்மா கிடந்தால் அதையே திருப்பிக்கொள்ளலாம். மெனுவில் எல்என்பி அலைவரிசை 9750/10600 என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைச் சுற்றித் தென்னையும் பனையும். மறைக்காதா?

70 டிகிரியில் பார்ப்பதால் நமக்கு அந்தக் கவலை குறைவு. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம்கூட நாலு மீட்டர் தள்ளி இருந்தால் போதும். மட்டை நீளும் என்பதால் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், காலை 11 மணியை ஒட்டிச் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் மேல் முழு வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது, நிழல் விழுந்தால் மறைக்கிறது. அதே நாட்களில் அதே நேரம் படம் சில நிமிடம் போய்த் திரும்பும். சூரியனின் இரைச்சல் அது. டிஷ்ஷைத் தொடாதீர்கள், தானாகச் சரியாகிவிடும்.

மழை பெய்தால் படம் போகிறதே?

ஐப்பசி, கார்த்திகையில் கேட்கிற கேள்வி. ஃப்ரீ டிஷ் வருகிற அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கனத்த மழைத்துளி அதைத் தின்றுவிடும். 60-க்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு. தூறலுக்கும் சாதா மழைக்கும் தாங்கும். அடைமழைக்கு எதுவும் தாங்காது. பெரிய டிஷ் காற்றையும் அதிகம் வாங்கும் என்பதால், புயல் அடிக்கிற கரையில் கைப்பிடிச்சுவரில் இரண்டு ஆணியில் தொங்கவிடாமல் தளத்தில் நாலு போல்ட்டில் இறுக்க வேண்டும்.

ஆறடி டிஷ் வைத்தால் தமிழ் சேனல் இலவசமாக வரும் என்கிறார்களே?

சி-பேண்ட் டிஷ் அது, ஃப்ரீ டிஷ்ஷைவிட நீளமான அலையைப் பிடிப்பது. பூட்டுப் போடாத தமிழ் சேனல்கள் சில அதில் கிடைக்கும். மழைக்கும் அவ்வளவாக அசராது. ஆனால் இன்று திறந்திருக்கிற சேனல் நாளை பூட்டிக்கொள்ளும், இடம் மாறும். பொழுதுபோக்காக டிஷ் திருப்புகிறவர்களுக்கு ஏற்ற விளையாட்டு. இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: 2022-ல் 5ஜிக்குக் கொடுத்த 3300-3670 மெகாஹெர்ட்ஸ், இந்த டிஷ் கேட்கும் 3700-க்கு ஒட்டிய வீடு. பக்கத்தில் செல்போன் டவர் இருந்தால், 5ஜி வடிகட்டி உள்ள எல்என்பி கேட்டு வாங்குங்கள்.

கடற்கரையில் டிஷ் எத்தனை வருடம் உழைக்கும்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆண்டெனா தேர்வில் பாதி, உப்பைச் சமாளிக்கிற தேர்வு.

தென்கடல் ஓரம், அலை தெறிக்கிற தூரத்தில் ஒரு வீட்டில் நான் வைத்த டிஷ் இரண்டாவது வருடம் கையோடு வந்தது. தவறு என்னுடையது. டிஷ் நல்ல டிஷ். அதைப் பிடித்திருந்த நட்டும் போல்ட்டும் மலிவு. தகடு துருப்பிடிக்க நாளாகும், போல்ட் முதலில் போகும். அதிலிருந்து பெட்டியோடு வரும் போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகுச் சாமான் கடையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் வாங்கி மாட்டுகிறேன். நூற்றுச் சொச்ச ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

தூண் ஜிஐ குழாயாக இருக்கட்டும். வெட்டிய முனையிலும் துளை போட்ட இடத்திலும் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், அங்கே பெயிண்ட் அடிக்க வேண்டும். குழாயின் மேல் வாயை மூடாவிட்டால் உள்ளிருந்து அரிக்கும்.

அடுத்தது ஒயர் முனை. எல்என்பியில் திருகுகிற எஃப் கனெக்டருக்குள் உப்புக்காற்று போனால் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடிக்கும். "மூணு மாசம் நல்லா இருந்துச்சு, இப்பச் சேனல் ஒவ்வொண்ணா போவுது" என்று வருகிற புகாரில் பெரும்பாலும் இதுதான் வியாதி. கனெக்டரில் கொஞ்சம் வாசலின் தடவித் திருகி, அதன் மேல் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதா இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் ஒரு கோடையில் பசை விட்டு அவிழும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வாரம் ஒருமுறை இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஒரு வாளி நல்ல தண்ணீரை டிஷ் மேல் ஊற்றுங்கள். படகு என்ஜினைக் கழுவுகிறவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

எந்த ஒயர் வாங்கலாம்? பூஸ்டர் வேண்டுமா?

ஆர்ஜி-6, நடுவில் முழுச் செம்பு. டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு 30 மீட்டருக்குள் முடித்துவிட்டால் பூஸ்டர் தேவையில்லை. வந்த அலையில் இரைச்சல் கலந்திருந்தால் பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். டிவிக்குப் பின்னால் வைக்கும் பூஸ்டரை நான் விற்பதே இல்லை.

இடி?

தூணிலிருந்து தனியாக ஒரு கம்பியை இழுத்து மண்ணில் எர்த் செய்யுங்கள். வானம் இருண்டால் டிஷ் ஒயரையும் கரண்ட் பிளக்கையும் கழற்றுங்கள். நேராக விழுகிற இடிக்கு இது மருந்தில்லை; பக்கத்தில் விழுகிற இடியில் பெட்டியும் டிவியும் பிழைக்கும்.

விசைப்படகில் டிஷ் வைத்துப் பார்க்கலாமா?

கரையில் கட்டியிருக்கும்போதே படகு ஆடும். 3 டிகிரிக்கு மேல் ஆடினால் படம் போச்சு. கப்பலில் தானாகத் திரும்பும் டிஷ் வைத்திருப்பார்கள். அதன் விலைக்கு வலை வாங்கலாம்.

பழைய மீன்முள்ளைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடவா?

அலுமினியத்துக்குக் காசு வரும். ஆனால் வானொலி கேட்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். கோடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். அதற்கு ஒன்றரை மீட்டர் குச்சி. கொடைக்கானல் 2000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், 175 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராமநாதபுரம் அதன் எட்டுக்குள் வருகிறது. பழைய தூணில் அந்த அளவில் ஒரு குச்சியைக் குறுக்கே கட்டி, நடுவில் வெட்டி, வெட்டிய இடத்து இரண்டு முனையிலும் ஒயர் இணைத்து, அகலப்பக்கம் வடமேற்கைப் பார்க்கத் திருப்பி ரேடியோவில் கொடுத்துப் பாருங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் வேண்டும், பழையபடி.